மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டாரை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் விலை குறைந்த ஒரு எலக்ட்ரிக் கிட்டாரோடுதான் வருகிறார்கள். அதில் தவறே இல்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் அந்தக் கிட்டார் கொடுத்த காசுக்குத் தகுமா, வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று அவர்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பார்க்கும்போது, அந்தக் காலத்தில் நான் எதையெல்லாம் நம்பினேனோ அதையே இவர்களும் ஒன்று விடாமல் நம்புகிறார்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அவசரப்படாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் படித்து, நாலு வீடியோ பார்த்து, விவரம் தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மரத்தின் பெயரைப் பார்த்து மதிப்புப் போடுவது

விவரப் பட்டியலில் பாஸ்வுட், பாப்லர் என்று இருந்தால் முகம் சுளிக்கிறார்கள். மகோகனி, ஆல்டர் என்று இருந்தால் உடனே நம்பிவிடுகிறார்கள். அதே பாஸ்வுட்டை ஐபனேஸ் நிறுவனம் தன் விலை உயர்ந்த மாடல்கள் பலவற்றிலும் பயன்படுத்தியிருக்கிறது. 1950-களில் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் ஒரு மரச் சட்டத்தின் முன்னும் பின்னும் மேசனைட் என்ற மரநார்ப் பலகையை ஒட்டிக் கிட்டார் செய்தது. மலிவுக் கிட்டாராகவே விற்ற சரக்கு அது. பிற்பாடு லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜ் அந்த டேன்எலெக்ட்ரோ ஒன்றை அந்தக் குழுவின் மேடைகளில் வாசித்தார்.

பாடி மரத்தால் ஒலியில் வித்தியாசமே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிக்கப், அதாவது தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம், எடுத்துக்கொள்வது எஃகுத் தந்தியின் அசைவை. மலிவு விலைக் கிட்டார்களில் மரத்தின் பெயரைவிட நெக்கும் (தந்திகளை விரலால் அழுத்தும் நீளப் பகுதி) ஃப்ரெட்டும் (அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதுதான் வாசிப்பவருக்கு நூறு மடங்கு முக்கியம் என்கிறேன். மரத்தில் பார்க்க வேண்டியது எடை. மூன்று, மூன்றரை கிலோ என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தோளில் சுகமாக உட்காரும். நாலரை கிலோவை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், எவ்வளவு உயர்ந்த மரமாக இருந்தாலும் கழற்றி வைக்கத்தான் தோன்றும்.

செராமிக் காந்தம் என்பதற்காகவே பிக்கப்பை ஒதுக்குவது

வேண்டாம். செராமிக் மலிவான காந்தம்தான், அதனாலேயே ஒலி மோசம் என்று ஆகிவிடாது. முதலில் பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவால் ஏற்றி இறக்கிக் கேட்டுப் பாருங்கள்.

நட்டைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் மாற்றுவது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் இந்த ஒன்றால் பணம் மட்டும் போவதில்லை, கிட்டாரையே விட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நட் என்பது நெக்கின் தலைப்பகுதியில், தந்திகள் ட்யூனருக்கு (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுக்கு) போகும் முன் படிந்து கடக்கும் சின்னத் துண்டு. பிளாஸ்டிக்காக இருக்கும், எலும்பாக இருக்கும். அதில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு வெட்டு. மலிவு விலைக் கிட்டார்களில் இந்த வெட்டுகளை ஆழமாக இறக்காமல் உயரமாகவே விட்டுவிடுவார்கள். தொழிற்சாலையின் கணக்கு எளிது. உயரமாக இருந்தால் பிறகு யாராவது இறக்கிக்கொள்ளலாம். தாழ்ந்துவிட்டால் திறந்த தந்தி, அதாவது விரல் வைக்காத தந்தி, இரைந்து, கிட்டார் கடைக்கே திரும்பி வரும். ஆறு வெட்டுகளையும் கையால் அளந்து இறக்க நேரம் வேண்டும், அந்த விலையில் அந்த நேரத்தைக் கொடுக்க முடியாது.

இதனால் என்ன ஆகிறது? ஃபெண்டர் நிறுவனத்தின் அளவுக் கிட்டாரில், அதாவது 648 மி.மீ. ஸ்கேலில் (நட்டிலிருந்து, பாடியில் தந்திகள் படிந்து நிற்கும் பிரிட்ஜ் வரை உள்ள நீளம்), நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் சுமார் 36 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு சின்ன இடைவெளிக்குள், மேலே தூக்கி நிற்கும் தந்தியைக் கீழே அழுத்தினால் அது இழுபடத்தான் செய்யும், இழுபட்டால் சுருதி ஏறும். திறந்த தந்திகளைச் சுருதி காட்டும் கருவியை வைத்துத் துல்லியமாகச் சேர்த்திருப்பீர்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் பிடிக்கும் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) எல்லாம் புளித்துக் கேட்கும். பிரிட்ஜில் எவ்வளவு இன்டொனேஷன் (ஃப்ரெட்டுகளில் சுருதிப் பொருத்தம்) சரிசெய்தாலும் இது போகாது, ஏனென்றால் அங்கே சரிசெய்வது தந்தியின் இன்னொரு கோடியை. முதல் ஃப்ரெட்டில் எஃப் பாரே கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கார்டு) பிடிக்க முடியாமல் அழுதுவிடும் நிலைக்குப் போனவர்களில் பாதிப் பேருக்கு விரலில் ஒரு குறையும் இல்லை. நட் உயரம், அவ்வளவுதான். ஆனால் அதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ‘எனக்குக் கை வராது போலிருக்கிறது’ என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள்.

உயரம் ஒரு பக்கம். வெட்டின் அகலம் இன்னொரு பக்கம். வெட்டு குறுகலாக இருந்தால் தந்தி அதில் சிக்கிக்கொள்ளும். மூன்றாம் தந்தியை வளைத்து வாசித்துவிட்டு விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாமல் சுருதி இறங்கி நிற்கும். இரு பக்கமும் மூன்று மூன்றாக ட்யூனர் வைத்த தலைகளில் நடுத் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புவதால் அங்கே இது இன்னும் அதிகம்.

உடனே எல்லோரும் கை நீட்டுவது ட்யூனரை. என்னிடம் படித்த ஒரு தம்பி வைத்திருந்தது ஃபெண்டரின் ஸ்ட்ராட் மாடல் வடிவத்தில் ஒரு மலிவுக் கிட்டார். சுருதி நிற்கவில்லை என்றார். யாரோ சொன்னார்கள் என்று லாக்கிங் ட்யூனர் (தந்தியைக் கவ்விப் பூட்டும் வகை) வாங்கிப் போட்டார். நிற்கவில்லை. கார்டுகள் அழுக்காகக் கேட்கின்றன, பிக்கப்தான் மட்டம் என்று இன்னொருவர் சொல்ல, மூன்று பிக்கப்பையும் மாற்றினார். அழுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது. அதற்குள் கிட்டாரின் விலையைவிடப் பாகங்களின் விலை கூடிவிட்டது. கடைசியில், ‘அண்ணா, விற்றுவிடலாம் என்று இருக்கிறேன், இதைவிடப் பெரிய கிட்டார் எது வாங்கலாம்?’ என்று கேட்டுக்கொண்டு வந்தார். முதல் ஃப்ரெட்டில், எல்லாத் தந்தியையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டி, மறுபடி சுருதி சேர்த்து, வாசியுங்கள் என்றேன். கார்டு எல்லாம் சுத்தமாக விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கேப்போ போட்டால் நட் விளையாட்டிலேயே இல்லை, அதுதான் விஷயம். நட் வெட்டுகளை இறக்கிச் சீராக்கியதும் அந்தக் கிட்டார் கேப்போ இல்லாமலே அப்படி வாசித்தது. அந்த வேலையை முதலிலேயே செய்திருந்தால் ட்யூனருக்கும் பிக்கப்புக்கும் ஒரு காசு போயிருக்காது. செருப்பு கடிக்கிறது என்று சட்டையை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், பாவம், வழி காட்டியவர்கள் அப்படி.

ட்யூனரைப் பற்றி ஒன்றைப் புரிந்துகொண்டால் இந்தச் செலவே வராது. உள்ளே இருப்பது ஒரு திருகும் அதோடு இணைந்த பல்சக்கரமும். குமிழைச் சுற்றினால் தண்டு சுற்றும். ஆனால் தந்தியின் இழுப்பால் தண்டு தானாகப் பின்னோக்கிச் சுற்றி விடாது, அந்த அமைப்பே அப்படி. 14-க்கு 1, 18-க்கு 1 என்று போட்டிருக்கும் விகிதம் எவ்வளவு நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம் என்பதைச் சொல்கிறது, சுருதி நிற்குமா என்பதை இல்லை. தண்டு ஆடுகிறது, பல் தேய்ந்திருக்கிறது என்றால் ஒழிய ட்யூனரை விட்டுவிடுங்கள். புதுத் தந்தியைக் கையால் இழுத்துத் தளர்த்தாமல் விடுவதும், தண்டில் தாறுமாறாகச் சுற்றுவதும்கூட ட்யூனரைவிடப் பெரிய குற்றவாளிகள்.

சோதித்துப் பார்க்க காசு வேண்டாம். தந்தியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு முடி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். தாராளமாக வெளிச்சம் தெரிந்தால் உயரம். சிக்குகிறதா என்று அறிய, மெதுவாகச் சுருதி ஏற்றுங்கள். ஏறாமல் நின்று, திடீரென்று ‘டிங்’ என்ற சத்தத்தோடு தாவினால் சிக்குகிறது. தற்காலிகமாகப் பென்சில் கரியை வெட்டில் தேய்த்தால் தந்தி கொஞ்சம் வழுக்கும். நிரந்தரத் தீர்வு தந்தியின் தடிமனுக்கு ஏற்ற அரத்தால் வெட்டைச் சீர்செய்வது. வீட்டில் கிடக்கும் அரத்தை எடுத்துக்கொண்டு தயவுசெய்து இறங்காதீர்கள், ஒரு இழுப்பு கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும். தெரிந்தவரிடம் கொடுங்கள். புது நட் போட்டாலும் ஒரு பிக்கப் வாங்கும் செலவுகூட வராது. எலும்பா, பிளாஸ்டிக்கா என்பதெல்லாம் இரண்டாவது, வெட்டு சரியாக இருக்கிறதா என்பதுதான் முதலாவது.

கடையில் கையில் எடுத்த நிலையிலேயே தீர்ப்புச் சொல்வது

தந்தி உயரமாக இருக்கிறது, கை வலிக்கிறது, மோசமான கிட்டார் என்று வைத்துவிடுவார்கள். பக்கத்தில் அதைவிட மட்டமான ஒன்று தற்செயலாகச் சரியான உயரத்தில் நிற்கும், அதை வாங்கி வருவார்கள். தந்தி உயரத்தை ஒரு ஆலன் கீயும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் மாற்றிவிடலாம். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லிய தந்திக்கு ஒன்றரை மி.மீ. சுமாராக வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். நெக்கின் வளைவையும் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் கால் சுற்றாகத் திருப்பி மாற்றலாம். பிரிட்ஜ் பக்கத்திலிருந்து நெக்கின் வழியாகக் கண்ணை ஓட்டினால் வளைவு தெரியும். மாற்ற முடிகிறவற்றை வைத்து ஒரு கிட்டாரைக் கழிக்காதீர்கள்.

எதை வைத்துக் கழிக்கலாம்? நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் கழியுங்கள், யோசிக்கவே வேண்டாம். அப்புறம் ஃப்ரெட். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நிதானமாக வாசித்துப் போங்கள், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல். எல்லா இடத்திலும் இரைந்தால் அது தந்தி உயரம் அல்லது நெக் வளைவு, சரியாகிவிடும். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் இரைகிறது, அல்லது மேல் ஃப்ரெட்டுகளில் முதல் தந்தியை வளைத்தால் ஒலி செத்துப்போகிறது என்றால் அங்கே ஏதோ ஒரு ஃப்ரெட் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. தட்டி உட்கார வைத்தாலே சில சமயம் சரியாகும், இல்லாவிட்டால் எல்லா ஃப்ரெட்டையும் சமன்படுத்தி, மேல்பகுதியை உருட்டி, மெருகேற்ற வேண்டும். அந்தக் கூலியைக் கிட்டாரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போதுதான் இரண்டு கிட்டார்களின் உண்மையான விலை தெரியும். சற்றே விலை கூடிய கிட்டார் மொத்தத்தில் மலிவாக முடிவதை அடிக்கடி பார்க்கிறேன்.

நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டும்போது ஃப்ரெட் முனைகள் குத்தினால் பயப்பட வேண்டாம். வறண்ட காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே வருகிறது. தேய்த்துவிடலாம்.

எந்த நாட்டில் செய்தது என்ற கேள்வியோடு நிறுத்துவது

1982-இல் ஃபெண்டர் தன் ஸ்குவையர் கிட்டார்களை ஜப்பானில் செய்யத் தொடங்கியது, மலிவு விலைக்காக. அந்த ஆரம்ப கால ஜப்பான் கிட்டார்களை இன்று தேடித் தேடி வாங்குகிறார்கள். தென் கொரியாவின் கோர்-டெக் நிறுவனம் தன் இந்தோனேசியத் தொழிற்சாலையில் பல பிராண்டுகளுக்குக் கிட்டார் செய்து கொடுக்கிறது, அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான பிஆர்எஸ்ஸின் எஸ்இ வரிசையும் அதில் ஒன்று. கணினி இயக்கும் இயந்திரங்கள் மரத்தை வெட்டுவதால் வடிவத்தில் எங்கும் பெரிய குறை வருவதில்லை. வித்தியாசம் கடைசியாகக் கைபடும் இடங்களில் வருகிறது, நட், ஃப்ரெட் முனை, மெருகு. அதனால் ஒரே மாடலில் இரண்டு கிட்டார் இருந்தால் இரண்டையும் எடுத்துப் பாருங்கள், ஒன்றுபோல் இருக்காது.

மலிவுக் கிட்டாரில் ஃப்லாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ்

கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ் இது. எடுக்காதீர்கள். அந்தப் பிரிட்ஜ் தாங்கி நின்று ஆடும் கத்தி போன்ற முனை மட்டமான உலோகமாக இருந்தால் தேய்ந்துவிடும், பிறகு சுருதி எப்போதும் நிற்காது.

ஆம்ப்ளிஃபயரின் குறையைக் கிட்டார் தலையில் கட்டுவது

ஒலி பிடிக்கவில்லை என்றால், தெரிந்த ஒரு நல்ல கிட்டாரை அதே ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கேளுங்கள். அதுவும் தகரமாகக் கேட்டால் மாற்ற வேண்டியது எது என்று தெரிந்துவிடும். ஒற்றைக் காயில் (கம்பிச் சுருள்) பிக்கப் உறுமுவதும் குறை இல்லை, அதன் இயல்பு. இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து அந்த உறுமலை அடக்கத்தான் 1950-களில் கிப்சன் நிறுவனம் ஹம்பக்கர் என்ற பிக்கப்பையே கொண்டுவந்தது.

பழைய கிட்டாரில் கீறலைப் பார்ப்பது, ட்ரஸ் ராடைப் பார்க்காதது

வண்ணம் உரிந்ததற்கு விலை குறைப்பார்கள், ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று கேட்கவே மாட்டார்கள். விற்பவரின் அனுமதியோடு, தந்தியைத் தளர்த்திவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். இறுகி நின்றால் விட்டுவிடுங்கள், பேரமே வேண்டாம். தலையும் நெக்கும் சேரும் இடத்தின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். வால்யூம் குமிழ் கரகரப்பதைப் பொருட்படுத்தாதீர்கள், கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை சுற்றினால் பெரும்பாலும் போய்விடும். விலை பேச மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

போட்ட பாகங்களின் காசு விற்கும்போது திரும்பும் என்று நம்புவது

திரும்பாது. வாங்குகிறவர் கிட்டாரின் தலையில் எழுதியிருக்கும் பெயருக்குத்தான் விலை சொல்வார், உள்ளே இருக்கும் பிக்கப்புக்குச் சொல்லமாட்டார். அதனால் எதை மாற்றினாலும் கழற்றியதை ஒரு பையில் போட்டு வையுங்கள். விற்கும் நாளில் பழையதைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியதைத் தனியாக விற்றால் நஷ்டம் குறையும். ட்யூனருக்காகத் துளையைப் பெரிதாக்கியோ, பெரிய பிக்கப்புக்காகப் பாடியைக் குடைந்தோ விட்டால் இந்த வழியும் இல்லை, ஆகவே ஏற்கெனவே இருக்கும் துளையில் அப்படியே உட்காரும் பாகமா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.