ஜயண்ட் ஸ்லாலம்: கம்பத்துக்கு மேலேயே தொடங்கும் தவறுகள்

காலில் பூட்டிய நீள்பலகைகளான ஸ்கீகளில், பனிச்சரிவில் நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம் ஜயண்ட் ஸ்லாலம். அதைப் பயில்வோரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு, கம்பத்தைக் குறிவைத்து நேராகப் பாய்வதாகும். நேர்கோடே குறுகிய வழி என்ற கணக்கு பனிச்சரிவில் செல்லாது. அப்படி வருபவர் கம்பத்தருகில்தான் திரும்பத் தொடங்குகிறார் என்பதால், திருப்பத்தின் பெரும்பகுதி கம்பத்துக்குக் கீழே தள்ளிப்போகிறது. அங்கே புவியீர்ப்பும் திருப்பத்தின் விசையும் ஒன்றுசேர்ந்து அழுத்தும்போது, ஸ்கீயின் விளிம்பு பனியைப் பிடிக்காமல் பக்கவாட்டில் வழுக்குகிறது. விசிறியடிக்கும் பனித்தூள் பார்வைக்கு அழகுதான். ஆனால் அதில் பறப்பது வீரரின் வேகம். ஒரு வாயிலில் (கம்பங்களால் குறிக்கப்பட்ட, வீரர் கடந்தாக வேண்டிய இடம்) நேர்ந்த தாமதம் அடுத்தடுத்த வாயில்களில் பெருகி, இறுதியில் அவரைத் தடத்தைவிட்டே வெளியேற்றுவதும் உண்டு.

கம்பத்தை எட்டுவதற்குள் திருப்பத்தின் பாதியாவது முடிந்திருக்க வேண்டும். 2012இல் ஆண்களுக்கான ஸ்கீயின் பக்க விளிம்பின் வளைவு ஆரம் 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக உயர்த்தப்பட்டபோது (இப்போது அது 30 மீட்டர்), அந்த விதியைக் கடுமையாக எதிர்த்த அமெரிக்கர் டெட் லிகெட்டியே ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த, அந்தப் பருவத்தின் முதல் உலகக் கோப்பைப் போட்டியை 2.75 விநாடி வித்தியாசத்தில் வென்றார். கம்பத்துக்கு வெகு மேலேயே விளிம்பை ஊன்றிவிடும் அவருடைய பாணி, எளிதில் வளையாத அந்த ஸ்கீக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

அடுத்த தவறு, இடுப்பு பனியை உரசுமளவு சாயும் வீரர்களைப் பார்த்துத் தோளை உள்பக்கம் வீழ்த்துவது. அந்தச் சாய்வு வேகத்தின் விளைவே தவிர, வலிந்து செய்யும் நிலை அன்று. தோள் முதலில் விழுந்தால் எடை உள்பக்க ஸ்கீக்கு மாறி, வெளிப்பக்க ஸ்கீ பிடிப்பை இழக்கும். சாய்வு கணுக்காலிலும் முழங்காலிலும் தொடங்க, மேலுடல் வெளிப்பக்க ஸ்கீயின் மேல் நிற்க வேண்டும்.

தடத்தை முன்கூட்டிப் பார்வையிடும்போது வாயில்களை மட்டும் மனப்பாடம் செய்வதும் போதாது. எந்த மேட்டுக்குப் பின்னால் அடுத்த வாயில் மறைந்திருக்கிறது என்பதே முக்கியம். போட்டியின் இரண்டு ஓட்டங்களுக்கும் தடம் தனித்தனியாக அமைக்கப்படுவதால், முதல் ஓட்டத்து வாயில்களின் நினைவு இரண்டாவதில் உதவாது.

கம்பங்கள் இன்னும் நெருக்கமாக நடப்படும் ஸ்லாலம் பந்தயத்திலிருந்து வருவோர் அங்குள்ள பழக்கங்களையும் சுமந்துவருகிறார்கள். கம்பத்தைக் கையால் அடித்து விலக்க முயன்றால் மேலுடல் திருகிக்கொள்ளும். இங்கு அதைத் தோளாலோ கையாலோ உரசிச் சென்றால் போதும். விழுந்து முழுமையாக நின்றுவிட்டபின் மேலேறி வந்து தொடர ஸ்லாலத்தில் இடமுண்டு. ஜயண்ட் ஸ்லாலத்தில் நின்றதுமே வீரருடைய ஓட்டம் முடிந்துவிடுகிறது, தடத்தைவிட்டு உடனே விலகிவிட வேண்டும்.