மூடின கதவுக்கு வெளியே நின்று சிரிக்க வைப்பது

பெர்லினில் பிறந்த இயக்குநர் ஏர்ன்ஸ்ட் லூபிட்ச் 1932இல் எடுத்த ‘ட்ரபிள் இன் பாரடைஸ்’ படத்தில் ஒரு மாலைப்பொழுது மணிக்கூடுகளாகவே கழியும். ஆட்கள் குரலாக மட்டும் வருவார்கள். பேசும்படத்தின் தொடக்க காலத்திலேயே ஒலியை ஒருபக்கமும் படத்தை இன்னொருபக்கமும் பிரித்த கெட்டித்தனம் அது. கிளிநொச்சி வீடொன்றில் கைபேசியாலேயே செய்து பார்க்கலாம்.

பொம்பிளை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். கைபேசியை ஸ்டாண்டில் முழங்கால் உயரத்தில் பூட்டி, மூடின கதவையும் வாசற்படியையும் மட்டும் பிடியுங்கள். படியில் நான்கு சோடிச் செருப்பு: 8 செக்கன். பிறகு சுவர் மணிக்கூடு, 3 செக்கன். திரும்பவும் அதே படி, ஸ்டாண்ட் இம்மியும் அசையாமல்: மூன்று சோடியும் ஓர் ஒற்றைச் செருப்பும். ஒராள் எப்படிக் கோபித்துக்கொண்டு ஓடினார் என்று சொல்லவே தேவையில்லை. மேகம் மூடினால் வெளிச்சம் மாறி மோசடி தெரிந்துவிடும். எக்ஸ்போஷரை (கைபேசி தானாகக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச அளவை) பூட்டிவிட்டு, வெளிச்சம் மாறுமுன் இரண்டையும் அடுத்தடுத்து எடுங்கள்.

கதவுக்கு உள்ளே பேசுவோரின் குரல்களை வேறாக, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பதியுங்கள். வாசலில் நின்று பதிந்தால் காற்றும் தகரக்கூரைச் சத்தமும் சொல்லை விழுங்கும். சொல் விளங்காவிட்டால் காட்சியே செத்துப்போகும். வெறும் வீட்டுச் சத்தத்தை 30 செக்கன் எடுத்து அடியில் ஓடவிடுங்கள், வெட்டின இடம் காதில் இடறாது.

கடைசியில் உள்ளே போய் முகங்களைக் காட்ட ஆசை வரும். காட்டாதீர்கள்.