என்8என் கோட் நோடில் பிடிஎஃப் உடைகிறதா?

கோலாலம்பூர் கடைகளின் பில் பிடிஎஃப்களை மின்னஞ்சலிலிருந்து எடுத்து, வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் கருவியான என்8என்-இல் ஓட்டுபவர்களுக்கு: சொந்தக் கணினியில் சரியாக ஓடும் கோட் நோட் (நாமே நிரல் எழுதும் படி), சர்வரில் 9 பைட் கோப்பைத் தருகிறதா? பைனரி.டேட்டா.டேட்டாவை நேராக பேஸ்64 (கோப்பை எழுத்துகளாக மாற்றிய வடிவம்) என எடுத்ததுதான் காரணம். கோப்புகளை டிஸ்கில் வைக்கும் ஃபைல்சிஸ்டம் முறையில் அங்கே கோப்பு இருக்காது, ‘ஃபைல்சிஸ்டம்-வி2’ என்ற குறிப்பு மட்டும்தான். அதை டீகோட் செய்தால் கிடைப்பது 9 பைட் குப்பை.

அதற்குப் பதிலாக ‘திஸ்.ஹெல்பர்ஸ்.கெட்பைனரிடேட்டாபஃபர்’ என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள்; அதில் ஐட்டம் எண்ணும் ‘டேட்டா’ என்ற பெயரும், முன்னால் ‘அவெய்ட்’. எந்த முறையிலும் பஃபர் (கோப்பின் உண்மையான பைட்கள்) சரியாக வரும். பைத்தனில் இது கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே எழுதுங்கள். முதல் 4 பைட் 25 50 44 46 என்றிருந்தால் பிடிஎஃப்தான். ‘3சி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் லாகின் பக்கத்தை டவுன்லோட் செய்திருக்கிறீர்கள்!

ரிட்டர்னில் ஜேசனை மட்டும் அனுப்பினால் கோப்பு அங்கேயே தொலைந்துவிடும், பிழைச் செய்திகூட வராது. பைனரியையும் சேர்த்து அனுப்புங்கள். கோப்பை மாற்றியிருந்தால் ‘ப்ரிபேர்பைனரிடேட்டா’வில் பஃபர், கோப்புப் பெயர், மைம் வகை (கோப்பு எந்த வகை என்ற குறிப்பு) மூன்றையும் கொடுத்துப் புதிதாக உருவாக்க வேண்டும்.

மலேசிய வருமான வரித் துறையின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு இ-இன்வாய்ஸ் அனுப்புபவர்கள் ஷா-256 ஹேஷை (ஆவணம் மாறவில்லை எனக் காட்டும் கைரேகை போன்ற குறியீடு) அனுப்பும் ஆவணத்தின் மூல பைட்களில் போடுங்கள், பேஸ்64 எழுத்துகளில் அல்ல. ஓர் ஆவணம் 300 கேபியைத் தாண்டக் கூடாது.