தொப்புள்கொடி ரத்த வங்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் லேபில் போன மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். இருவருமே கெட்டிக்காரர்கள். ஆனால் தொப்புள்கொடி ரத்தப் பைகளை உறைய வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் டேங்க் பக்கத்தில் அவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும்போது, பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான் செய்ததெல்லாம் அப்படியே கண்ணில் தெரிகிறது. கையுறை போடுங்கள், லேபிளை இரண்டு முறை படியுங்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு பைக்காக ராக்கையே தூக்கி வைத்துக்கொண்டு நிற்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

திரவ நைட்ரஜன் -196 டிகிரி. அதன் ஆவியில் வைக்கும் பைகளும் -150க்குக் கீழேயே இருக்க வேண்டும். பைகளை அடுக்கி வைத்திருக்கும் ராக்கை மேலே இழுத்ததும் அதைச் சூழ்வது 25 டிகிரி லேப் காற்று. வித்தியாசம் 170 டிகிரிக்கும் மேல். பையோ மெலிந்த, தட்டையான பை. நீங்கள் தேடுவது ஒன்றை, சூடேறுவது அந்த ராக்கில் இருக்கும் அத்தனையும்.

உருகினால்தான் கெடும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஏறத்தாழ -130 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை உள்ளே எல்லாம் கண்ணாடி போல அசையாமல் கிடக்கும். அதைத் தாண்டிவிட்டால், பை கல் மாதிரி இருந்தாலும் உள்ளே நீர் மூலக்கூறுகள் நகர ஆரம்பிக்கும், சின்னப் பனிப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகும். திரும்ப இறக்கினால் மறுபடி குளிர்ந்துவிடும். டேங்கின் வெப்பநிலைப் பதிவில் இது எதுவும் வராது. சென்சார் டேங்குக்குள் இருந்தது, பை வெளியே இருந்தது.

நான் செய்ததும் இதேதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். தூக்கிய ராக்கில் லேபிள்கள்மேல் பனி படிந்துவிட்டது. துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நான்கைந்து நிமிடமாவது ஆகியிருக்கும், நேரத்தை யாரும் குறிக்கவில்லை. சில மாதம் கழித்து அதே ராக்கிலிருந்து ஒரு பையைத் தரச் சோதனைக்காக உருக்கினோம். டிரைபான் ப்ளூ சாயத்தில் 80 சதவீதத்துக்கு மேல் உயிருள்ள அணுக்கள். நிம்மதியாக இருந்தோம். அணுக்கள் பெருகிக் கூட்டம் கூட்டமாக வளர்கின்றனவா என்று பார்ப்பது காலனி சோதனை. 14 நாள் கழித்து அதன் தட்டைப் பார்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காலனிகள் மட்டும். சாயம் சொல்வது அணுவின் சவ்வு கிழியவில்லை என்பதைத்தான். சாகத் தொடங்கிவிட்ட அணுவும் அதில் சில மணி நேரம் உயிருள்ளதாகவே தெரியும். அந்த ஐந்து நிமிடம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ராக் எத்தனை முறை வெளியே வந்தது என்பதற்குப் பதிவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பை போய்ச் சேரும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கீமோ கொடுத்து ஒரு குழந்தையின் மஜ்ஜையை ஏற்கெனவே அழித்திருப்பார்கள். பையில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் அதை மறுபடி உருவாக்க வேண்டும். எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2.5 கோடி அணுக்களாவது வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்த எண்ணிக்கையோ உறைய வைப்பதற்கு முன் எடுத்தது.

சரி, என்ன செய்வது? டேங்க், ராக், தட்டு எண்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தாளில் எழுதிக்கொண்ட பிறகே மூடியைத் திறங்கள். இரண்டு பேர் நில்லுங்கள், ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் கிடைக்கவில்லையா, ராக்கை இறக்கிவிட்டு நன்றாகக் குளிரும்வரை காத்திருங்கள். ஒவ்வொரு முறை தூக்கியதையும் ராக் வாரியாகக் குறித்து வையுங்கள். பையை மருத்துவமனைக்கு அனுப்பும் முன், அதோடு ஒட்டியிருக்கும் குழாய்த் துண்டை உருக்கிக் காலனி சோதனையும் செய்யுங்கள். சாயத்தோடு நிறுத்தாதீர்கள்.

அலாரத்தை நிறுத்திவிட்டுப் போவது

2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் டேங்க் சூடேறி, 4,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் போயின. ஊழியர்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டிய அலாரம் அணைந்திருந்தது. 2023 நவம்பரில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சகம், கார்ட்லைஃப் என்ற தொப்புள்கொடி ரத்த வங்கியின் ஏழு டேங்குகள் வரம்பைத் தாண்டிச் சூடேறியிருந்ததை வெளியிட்டது. ஒரே டேங்கில் சுமார் 2,200 பைகள் பாழ். அலாரத்தை நிறுத்துபவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் ஒரு ராத்திரி வேண்டுமென்றே அலாரத்தை அடிக்கவிட்டு, வீட்டில் இருப்பவரின் போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.

தொற்றுச் சோதனை முடிவு வராத பையைப் பொது டேங்கில் வைப்பது

லண்டனில் கசிந்த ஒரு பையிலிருந்து ஹெபடைடிஸ் பி கிருமி திரவ நைட்ரஜன் வழியாக மற்ற பைகளுக்குப் போய், நோயாளிகளுக்குத் தொற்றியது. 1995ல் ஆய்வாகவே வெளிவந்த விஷயம். முடிவு வரும்வரை தனி டேங்க், பைக்கு மேலுறை, திரவத்துக்குப் பதில் ஆவி.

டிஎம்எஸ்ஓ கலந்த பிறகு தாமதம்

கூடாது. உறையும்போது அணுக்களைக் காக்கச் சேர்க்கும் திரவம் இது, ஆனால் உறையாமல் அதிலேயே கிடந்தால் அணுக்களைக் கெடுக்கும். ஃப்ரீசர் தயாரான பிறகு கலக்குங்கள்.

பெற்றோரிடம் எல்லா நோய்க்கும் உதவும் என்று சொல்வது

சொல்லாதீர்கள். குழந்தையின் சொந்தப் பிற்காலப் பயன்பாட்டுக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் பெற்றோரிடமே காட்டுங்கள்.

ஆக்ஸிஜன் மீட்டர் வேலை செய்யாத டேங்க் அறை

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். அறையில் இருக்கும் ஆக்ஸிஜனை அது விரட்டிவிடும், மயக்கம் வருவதே தெரியாது. உள்ளே போகாதீர்கள், விழுந்தவரைத் தூக்கக்கூடத் தனியாகப் போகாதீர்கள்.