வண்ணம் பூசிய உலோகச் சிற்பங்கள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரைப் போன்றவர்களின் உலோகச் சிற்பங்களைப் பராமரிப்போர் முதலில் கைவிட வேண்டியது, வண்ணம் என்பது துருவிலிருந்து காக்கும் மேற்பூச்சு மட்டுமே என்ற எண்ணத்தை. சிகாகோவில் 1974இல் நிறுவப்பட்ட, கால்டரின் ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள ‘ஃபிளமிங்கோ’, சுற்றிலும் நிற்கும் கரிய எஃகு, கண்ணாடிக் கட்டடங்களின் நடுவே எடுப்பாகத் தெரிவதற்கு அதன் வளைவுகளுக்கு இணையாக அந்தச் செந்நிறமும் காரணம்.

நிறத்தை நிர்வாகத்தின் விருப்பத்துக்கு மாற்றுவது இவற்றுள் மிக மோசமான தவறு. கால்டர் 1958இல் கறுப்பு வெள்ளையில் உருவாக்கிய ‘பிட்ஸ்பர்க்’ என்னும் தொங்கு சிற்பம், பிட்ஸ்பர்க் நகர விமான நிலையத்தில் இருந்தபோது, அலகெனி மாவட்ட நிர்வாகத்தின் நிறங்கள் என்பதற்காகவே பச்சையும் பொன்னிறமும் பூசப்பட்டது. கால்டர் ஆட்சேபித்தும் பயனில்லை. 1976இல் அவர் காலமான பிறகே பழைய நிறம் திரும்பியது. நன்கொடையாகப் பெற்ற பொருள் என்றால் என்னவும் செய்யலாம் என்ற துணிச்சல் எங்கும் உண்டு போலும்!

பூச்சைச் சுரண்டி எடுப்பதும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1950இல் செய்து சிவப்பு பூசிய ஒரு சிற்பத்தின் வண்ணம் அவரைக் கேளாமல் நீக்கப்பட்டபோது, அது இனித் தம் படைப்பே அன்று என்று 1960இல் அவர் வெளிப்படையாக அறிவித்தார். 1965இல் அவர் இறந்த பின்னரும் வேறு சில சிற்பங்களின் வெள்ளைப் பூச்சு அகற்றப்பட்டதை, 1974இல் ரோசலின்ட் கிராஸ் என்ற கலை விமர்சகர் அம்பலப்படுத்தினார்.

நிறம் சரியாக இருந்தாலும் மினுமினுப்பு தவறிப்போகலாம். மங்கலான பூச்சைவிடப் பளபளப்பான பூச்சு நீடித்து உழைக்கும், துடைப்பதற்கும் எளிது என்று ஒப்பந்ததாரர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மங்கலாக இருக்க வேண்டிய தகட்டில் வெயில் பட்டுத் தெறிக்கும்போது, கண்ணுக்கு வடிவம் தெரியாமல் ஒளித்திட்டுகளே தெரியும். கடையிலுள்ள வண்ண அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட, கலைஞரோ அவரது அறக்கட்டளையோ ஒப்புக்கொண்ட பூச்சை ஒரு சிறு தகட்டில் பூசி, வெளிச்சம் படாமல் பாதுகாத்து, ஒவ்வொரு முறையும் அதனுடன் ஒப்பிடுவதே முறை.

பழைய பூச்சின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசினால் தகட்டின் கூரிய விளிம்பு மழுங்கி, திருகாணித் தலைகள் புதைந்துபோகும். துருவை முழுமையாக நீக்கிப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடிக்காமல் பூசுவது வீண்செலவு. மழைநீர் பெரும்பாலும் இணைப்புகளில்தான் தேங்குகிறது. ஆகவே, பூச்சு உப்புகிறதா என்று முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.