30 விழுக்காட்டில் நிற்கும்போது கை வைக்காதீர்கள்

"அண்ணே, விண்டோஸ் அப்டேட் ரெண்டு மணி நேரமா முப்பது விழுக்காட்டுலயே நிக்குது. பொறுத்துப் பாத்தேன், அப்புறம் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன். இப்ப ஒன்னும் வரல."

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் கணினி தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டேன். அதனால் இந்த மாதிரி அழைப்பு அடிக்கடி வரும், பெரும்பாலும் புதன்கிழமை. மைக்ரோசாப்ட் மாதாந்திர அப்டேட்டை அமெரிக்காவில் இரண்டாவது செவ்வாய் காலையில் வெளியிடும். நமக்கு அப்போது புதன் அதிகாலை. நான் பார்த்தவரை அப்டேட் கெடுத்த கணினி குறைவு. நடுவில் ஆள் புகுந்து கெடுத்ததுதான் அதிகம்.

திரையில் ஓடும் விழுக்காட்டைக் கடிகாரம் போல நம்பாதீர்கள். பழைய ஹார்ட்டிஸ்க் உள்ள கணினியில் ஒரே எண் ஒரு மணி நேரம்கூட அசையாமல் நிற்கும். உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஹார்ட்டிஸ்க் விளக்கைப் பாருங்கள். மின்மினி போல விட்டுவிட்டு எரிந்தால் விடியும்வரை விட்டுவிடுங்கள். விளக்கே இல்லாத லேப்டாப்பா? அடியில் கை வைத்துப் பாருங்கள், சூடும் விசிறிச் சத்தமும் சொல்லும். நாலைந்து மணி நேரமாக இரண்டும் இல்லையென்றால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மறுபடி போட்டதும் செய்த மாற்றங்களைத் தானே திருப்பி எடுக்கத் தொடங்கும். அப்போதும் கை வைக்கக்கூடாது. விண்டோஸ் எழும்பவே இல்லையென்றால், சில முறை தோற்றபின் பழுதுபார்க்கும் நீலத்திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய்க் கடைசி அப்டேட்டை நீக்கலாம். படங்கள், கோப்புகள் அப்படியே இருக்கும். மேலே சொன்ன தம்பியின் கணினி அப்படித்தான் எழுந்தது.

இன்னொன்று, நம்ம ஊர் மழை. மாலையில் வானம் இருண்டு இடி முழங்கும்போது மேசைக் கணினியில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் நீங்களே சுவிட்சை அணைத்த கதைதான்.

எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் தருவது, வட்டில் உள்ளதைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் விஷயம். அப்டேட் முடிந்து சில கணினிகள் 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்கும். பக்கத்து புளோக் அக்கா ஒருவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக, "ஃபார்மட் பண்ணணும்" என்றார்களாம், அதாவது எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமாம். பத்து வருடக் குடும்பப் படங்கள் அதில்! நல்லவேளை, சம்மதிக்குமுன் எனக்கு போன் செய்தார். அந்த எண் பெரும்பாலும் லேப்டாப்பை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அக்காவுக்கு அமைத்துக் கொடுத்தது ஜொகூரில் படிக்கும் மகன். அவன் போனில் தன் கணக்கைத் திறந்து, திரையில் காட்டிய அடையாள எழுத்துகளோடு ஒத்துப்பார்த்து எண்ணைப் படித்தான், ஐந்து நிமிடம். உங்கள் கணினி யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றே கேட்டு, எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

பிழை எண் வந்தால் முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். 80070070 என்று முடிந்தால் வட்டில் இடமில்லை, அவ்வளவுதான். 2024 ஜனவரியில் 80070643 என்ற எண் பலரையும் அலையவிட்டது. விண்டோஸ் 10-இன் மீட்புப் பகுதியில், அதாவது பழுதுபார்க்கும் கருவிகளுக்காக வட்டில் ஒதுக்கிய இடத்தில், 250 எம்பி காலியிடம் இல்லாததுதான் அதற்குக் காரணம். அதற்குப் போய் முழுக் கணினியையும் அழித்து நிறுவியவர்கள் உண்டு. பிழையைச் சரிசெய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் போன்ற மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். பெரிய பதிப்புக்கு மாறியபின் இடம் பிடிக்கிறதே என்று விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையை அன்றே அழிப்பதும் தப்பு. பழைய பதிப்புக்குத் திரும்ப அதுதான் வழி. பத்து நாளில் அந்த வாய்ப்பு தானாக முடிந்துவிடும்.

"அப்டேட்டே வேணாம்" என்று நிரந்தரமாக அடைப்பவர்களுக்கு 2017 ஞாபகம் இருக்கட்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல் மே மாதம் பரவியது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. பயமாக இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். அதற்கு செட்டிங்ஸிலேயே வசதி இருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11 ஏறாது என்று சொன்னதும் கணினியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் உள்ளேயே இருந்தும், விண்டோஸ் எழும்புமுன் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஏழாவது மாடியில் ஒரு சீனப் பெரியவர் வீட்டில் அதை ஆன் செய்துவிட்டு வந்தேன். புதுக் கணினிக்கு எடுத்து வைத்த காசில் பேரனுக்கு சைக்கிள் வாங்கிவிட்டார்.