ஜீப்பை உயர்த்தும் முன்: ‘எத்தனை இஞ்ச்’ என்பது முதல் கேள்வி அல்ல

கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் பாறைத்தடத்தில் அடிவயிறு தட்டாமல் போக வண்டியை உயர்த்த நினைப்பது நியாயம்தான். ஆனால் போடி, கம்பம் பக்கம் பலர் உயரத்தை முடிவு செய்துவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் குனிந்தே பார்க்கிறார்கள். பழைய மஹிந்திரா கமாண்டரில் முன்னும் பின்னும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). 2010 மஹிந்திரா தாரில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்னால் பட்டை. 2020 தாரில் நான்கு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங். ஒன்றை உயர்த்தும் கிட் இன்னொன்றுக்கு ஆகாது.

பட்டை வண்டியில் மலிவான வழி, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பது. முன் ஆக்சிலில் அதை வைக்கவே வைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு கட்டையைப் புரட்டப் பார்க்கும். அது நழுவினால் ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பின்னாலும் ஒரே கட்டைதான், அடுக்கக் கூடாது. பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ-போல்ட்டைக் கழற்றினால், அது ஏற்கெனவே இழுபட்டது, பழைய பிடி தராது. புதிது போட்டு, 100 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி இறுக்குங்கள்.

பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் நீளத்தை 2 இஞ்ச் கூட்டினால் வண்டி ஏறுவது 1 இஞ்ச்தான். காஸ்டர் கோணமும் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறும்.

2020 தாரின் முன்பக்கம் கணக்கு தலைகீழ். ஷாக் அப்சார்பரின் தலைமேல் வைக்கும் 1 இஞ்ச் ஸ்பேசர் (இடைவெளித் துண்டு), சக்கரத்தில் ஏறக்குறைய 2 இஞ்ச் உயர்த்தும். இது தெரியாமல் 2 இஞ்ச் ஸ்பேசர் போட்டால் சக்கரத்தைத் தாங்கும் கைகளின் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் கடைசி எல்லையில் நிற்கும், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் பூட் கிழியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் மறக்காதீர்கள். தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே கேரள வழக்கில்தான். வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

ஷாக் வாங்கும் முன் சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி, பழைய ஷாக்கைக் கழற்றி, சக்கரத்தைத் தொங்கவிடுங்கள். ஷாக் மாட்டும் மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்வரை அளந்துகொள்ளுங்கள். புது ஷாக் விரிந்தால் அதைவிட நீளமாக இருக்க வேண்டும். பிறகு ஜாக்கியால் ஆக்சிலை பம்ப் ஸ்டாப் (மேலே தடுக்கும் ரப்பர்) வரை தூக்கி மறுபடி அளந்துகொள்ளுங்கள். மூடிய ஷாக் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் ஷாக்கை மாட்டும் கண்ணே முறியும்.

ஜாக்கியை இறக்கி, சக்கரம் மறுபடி தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்துப் பிரேக் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். விரலால் தள்ளினால் அசைய வேண்டும். விறைத்து நின்றால் நீள ஹோஸ் மாட்டாமல் போடிமெட்டு இறங்காதீர்கள்.